யாருக்கும் கீழே இல்லாத கட்டம்

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவளை எல்லோரும் ஆபீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த மெக்கானிக்குகளுக்கும் அவள் அக்காதான். சம்பளம் போடுவது, லீவு எழுதுவது, பில் அனுப்புவது, டீத்தூள் தீர்ந்தால் வாங்கி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். கட்டிக்கொண்டதும் அங்கேயே வேலை பார்த்த ஒரு மெக்கானிக்கை. அவர் இப்போது பழுது பார்க்கும் பிரிவுக்குத் தலைவர்.

கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் போன வருஷம் இறந்துபோனார். அவர் இருந்தவரை யார் யாருக்குக் கீழே என்று யாரும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் மேலே பெரியவர், பெரியவருக்கு மேலே கூரை. அவ்வளவுதான் கணக்கு. இப்போது அவர் மகன், சின்னவர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரியவரின் தம்பி புது லிஃப்ட் பொருத்தும் பிரிவைப் பார்த்துக்கொண்டார். சின்னவர் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கம்பெனி முழுக்க அவரைச் சித்தப்பா என்றே சொல்லத் தொடங்கிவிட்டது. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் சித்தப்பாதான்.

ஊரிலேயே பெரிய மருத்துவமனை ஒன்று தன் லிஃப்ட்டுகளை எல்லாம் இவர்களிடம் பராமரிப்புக்கு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முடிவெடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார்கள். உங்கள் கம்பெனியில் யார் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள், எந்த வேலைக்கு யார் பதில் சொல்வார்கள், ஒரே தாளில் பார்த்தவுடன் புரிகிற மாதிரி படம் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். சின்னவர் அந்த வேலையை ஆபீஸ் அக்காவின் மேஜையில் வைத்தார். எல்லோரையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே என்றார்.

அவளுக்கும் முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போய், நீங்க யாருக்குப் பதில் சொல்றீங்க என்று கேட்டாள். டிரைவர், தான் யாருக்கும் கீழே இல்லை, வண்டிக்கு மட்டும்தான் கட்டுப்பட்டவன் என்றார். கணக்கு எழுதுகிறவர், கட்டம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, முதலாளிக்குப் பக்கத்தில் போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். ஸ்டோர் கீப்பர், தனக்கு மூன்று மேலதிகாரிகள், மூன்று பேரும் தனித்தனியாகத் திட்டுவார்கள், மூன்று கோடும் போடுங்கள் என்றார். தாள் முழுக்க அழித்து அழித்துக் கறுப்பாகிவிட்டது.

பிறகு அவள் வேறு வழியைப் பிடித்தாள். ஆட்களை விட்டுவிட்டு வேலைகளை எழுதினாள். புது லிஃப்ட் பொருத்துவது சித்தப்பாவின் பிரிவு. ஓடாத லிஃப்ட்டை ஓட வைப்பது தன் கணவரின் பிரிவு. மாதா மாதம் போய் எண்ணெய் போட்டுத் தூசி தட்டுவதற்கு இரண்டு பேர். பில், வசூல், ஸ்டோர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு கோடு. இப்படிப் போட்டுக்கொண்டே வந்தபோது ஒரு வேலை மட்டும் கோடு இல்லாமல் நின்றது.

பழைய கட்டடங்களில் பிரேக்கையும் இரும்புக் கயிறுகளையும் திறந்து பார்த்து, அளந்து, தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்கிற வேலை. அதைச் செய்துகொண்டிருந்தவரைக் கயிறு அண்ணன் என்பார்கள். தோளில் ஒரு பையோடு தனியாகப் போவார். மொட்டை மாடியில் இருக்கும் இயந்திர அறைக்குள் நுழைந்தால் மத்தியானம்வரை வெளியே வரமாட்டார். அவர் நிறுத்து என்றால் அந்த லிஃப்ட் நின்றுவிடும். பார்த்ததைப் பெரியவரிடம் மட்டும் நேரில் சொல்வார்; நடுவில் யாரும் கிடையாது. பெரியவர் இறந்த அடுத்த மாதமே கயிறு அண்ணன் வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அவருக்குக் கைக்கடிகாரம் வாங்கிப் பரிசாகக் கொடுத்ததே இவள்தான். எல்லோரும் கைதட்டினார்கள். இனி அந்த வேலையை யார் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை.

யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் அவளும் நினைத்தாள். சித்தப்பாவிடம் போய்க் கேட்டாள். பொருத்தி முடித்து சாவியைக் கொடுத்துவிட்டால் தன் வேலை தீர்ந்தது, மற்றதெல்லாம் உன் வீட்டுக்காரரிடம் கேள் என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார். கணவரின் பிரிவில் கேட்டாள். புகார் வந்தால் போவோம், புகார் வராத லிஃப்ட்டை நாங்கள் ஏன் திறக்கிறோம் என்றார்கள். கடைசியாக எண்ணெய் போடுகிற இரண்டு பேரையும் பிடித்தாள்.

அவர்களில் ஒருவர் சொன்னார்: "பிரேக் பக்கம் நாங்க போறதே இல்லக்கா. அதுல கை வைக்கக் கூடாதுன்னு கயிறு அண்ணன் அப்பவே சொல்லியிருக்காரு. அவர் பேச்சை நாங்க இன்னிவரைக்கும் மீறினதில்ல."

பெருமையாகத்தான் சொன்னார். தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பழைய கட்டடங்களின் முகவரிகள் அவளுக்கு மனப்பாடம். பில் அனுப்புகிறவள் அவள்தானே. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பையோடு ஏறுகிற பிள்ளைகள், காய்கறிப் பையோடு ஏறுகிற பெண்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தக் கயிறுகளை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கட்டடங்களில் ஒன்றில்தான், ஆறாவது மாடியில், அவளுடைய தங்கை குடியிருந்தாள். இவளுடைய மகள் பள்ளி விட்டால் நேராகப் போவது அந்தச் சித்தி வீட்டுக்குத்தான்.

சின்னவரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில படத்தோட நான் மருத்துவமனையில நிக்கணும் அக்கா. இப்போதைக்கு ஒரு கோடு போட்டு அண்ணன் பிரிவுக்குக் கீழே வச்சிடுங்க. ஆளை அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஆள் இல்லாம கோடு மட்டும் எப்படித் தம்பி?"

"கோடுதானே அக்கா," என்றார் சின்னவர்.

அண்ணன் என்று அவர் சொன்னது அவளுடைய கணவரை. அவள் இடத்துக்குத் திரும்பிப் பென்சிலை எடுத்தாள். கோட்டைப் போட்டுவிட்டால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் படம் தெளிவாக இருக்கும். அந்த வேலை நடக்கிறது என்று மருத்துவமனை நம்பும், சின்னவர் நம்புவார், ஒரு மாதம் போனால் அவளே நம்பிவிடுவாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவே மாட்டார்கள். அவளுக்குக் கை ஓடவில்லை. தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. தன்னிடம் இருக்கிற ஆட்களை வைத்து வருகிற புகாருக்கே போக முடியவில்லை, மலை மாதிரி வேலை கிடக்கிறது, இதில் இது வேறா என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே இருந்த பயம் வெளியே வந்தது.

"இத்தனை நாளா யாரும் பார்க்கல. நாளைக்கு எங்கேயாவது ஒண்ணு ஆச்சுன்னா, அந்தத் தாள்ல யார் பேர் இருக்கோ அவனைத்தான் தேடி வருவாங்க. என் பேரை நீயே எழுதிக் கொடுக்கப் போறியா?"

தங்கையின் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு தடவை போயிருக்கிறார். லிஃப்ட் தளத்துக்குச் சமமாக நிற்காமல் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது என்று புகார். இரண்டு தடவையும் நிற்கிற மட்டத்தைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டார்.

"பிரேக்கைத் திறந்து பார்த்தீங்களா?"

"அது என் வேலை இல்லையே..." என்று தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் லிஃப்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து வந்தாள். சித்தி வீட்டு லிஃப்ட்டில் இப்போதெல்லாம் படி இறங்குவது மாதிரி இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. அவள் போனதும் அவர், காலையில் முதல் வேலையாகப் போய்ப் பிரேக்கைத் திறந்து பார்த்துவிடுகிறேன் என்றார்.

காலையில் அவர் போக முடியவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஒரு துணிக்கடையிலிருந்து போன் வந்தது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, கடை பெருக்க வந்தவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பல் விளக்கிய கையோடு ஓடினார். அங்கே முடித்துவிட்டு நேரே தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசில் அவள் படத்தை நல்ல தாளில் எடுத்து எழுதினாள். பிரேக், கயிறு சோதனை என்ற கட்டத்தை எதனோடும் சேர்க்கவில்லை. உள்ளே, இப்போதைக்கு ஆள் இல்லை என்று எழுதினாள். சின்னவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவரோ காரில் ஏறப்போகிற அவசரத்தில் உறையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் தங்கை போன் செய்தாள். அன்றைக்கு அவளுடைய மாமனாருக்கு டயாலிசிஸ். வாரா வாரம் சக்கர நாற்காலியில் அழைத்துப் போக வேண்டும். அக்காள் மகளுக்கு அரை நாள்தான் பள்ளி, துணைக்கு வந்திருக்கிறாள், அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, லிஃப்ட் மறுபடியும் கீழே இறங்கி நிற்கிறது, முன்பு இரண்டு விரல் அளவு இருந்தது இன்றைக்கு ஒரு சாண் இருக்கிறது என்றாள்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அதுல ஏறாதே. நான் சொல்றவரைக்கும் யாரும் ஏறாதீங்க."

"ஏறாம? மாமாவை நான் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு இறங்கவா? ஆறு மாடி அக்கா. உன் வீட்டுக்காரர்தானே சரி பண்ணிட்டுப் போனாரு," என்றாள் தங்கை. அவளுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

இவள் கணவருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. துணிக்கடை லிஃப்ட்டுக் குழிக்குள் நின்றுகொண்டிருப்பார். சின்னவரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சித்தப்பா எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஓடுகிற லிஃப்ட்டை எதற்கு நிறுத்தச் சொல்கிறாய், குடியிருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், உன் வீட்டுக்காரர் வந்து பார்க்கட்டும் என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, வந்த வாடகை வண்டியை மறித்து ஏறினாள். ஒவ்வொரு சிக்னலிலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வண்டிக்காரர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்காம்மா என்று கேட்டார்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழைய மாதிரி. வெளியே ஒரு இரும்பு மடக்குக் கதவு, உள்ளே ஒரு மடக்குக் கதவு. இரண்டையும் கையால்தான் இழுத்துத் திறக்க வேண்டும். அவள் போனபோது யாரோ இறங்கிப் போய், பெட்டி தரைத் தளத்தில், தரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, காலியாக நின்றது. வாட்ச்மேன் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் கம்பெனியிலிருந்து வருகிறேன், இதை உடனே அணைக்க வேண்டும் என்று சொன்னாள். அவர் அவசரப்படவில்லை. செயலாளர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும், மேலே இயந்திர அறைச் சாவி வேறு உங்கள் கம்பெனிக்காரர்களிடம்தான் இருக்கிறது, சரி, யார் நிறுத்தச் சொன்னதாக நான் சொல்வது என்று கேட்டார்.

அப்போதுதான் மேலே யாரோ பொத்தானை அமுக்கி, லிஃப்ட்டுக்குள் மணி கரகரவென்று அடித்தது. ஆறாவது மாடி விளக்கு எரிந்தது.

கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடாது என்பது அவளுக்குத் தெரியும். வேறொன்றும் தோன்றவில்லை. வெளிக்கதவை இழுத்தாள், உள்கதவை இழுத்தாள், ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பெட்டிக்குள்ளும் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் படியில் எட்டிப் பார்த்து, கதவைச் சாத்துங்கம்மா, வயசானவங்க காத்துக்கிட்டு இருக்காங்க என்றார். அவள் அசையவில்லை. வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

முதலில் தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளே வைத்த கால் கனம் இல்லாமல் ஆனது போல இருந்தது. குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தரையைவிடத் தாழ்ந்திருந்த பெட்டி இப்போது தரைக்குச் சமமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தரையைவிட உயர்ந்தது. அவளுடைய முழங்கால் மடங்கிக்கொண்டு மேலே வந்தது. கதவு இன்னும் அவள் கையில் திறந்தபடிதான் இருந்தது. மோட்டார் ஓடவில்லை, எந்தச் சத்தமும் இல்லை. கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பாரம் காலிப் பெட்டியைவிடக் கனம்; அது பெட்டியை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்த வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை.

வாட்ச்மேன்தான் அவளுடைய தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். கால் வந்துவிட்டது, செருப்பு உள்ளே தங்கிவிட்டது. விளக்கு எரியும் பெட்டி, அந்த ஒற்றைச் செருப்போடு, அவர்கள் கண்ணெதிரே மெல்ல மெல்ல ஏறிப் போனது. அதன் அடிப்பக்கம் தெரிந்தது. பிறகு அதுவும் போய், கதவுக்குப் பின்னால் கறுப்புக் குழி மட்டும் இருந்தது. வாட்ச்மேன் இரண்டு கையாலும் வெளிக்கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கு நினைவெல்லாம் ஆறாவது மாடியில் இருந்தது. அங்கே கம்பிக்கதவு வழியாகப் பெட்டி வருவதைப் பார்த்தால் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கதவை இழுப்பார்கள். நாற்காலியைத் தள்ளுவார்கள். போனை எடுத்து மகளுக்கு அடித்தாள். விரல் இரண்டு தடவை தவறான இடத்தில் பட்டது. படியில் ஏறிக்கொண்டே அடித்தாள்.

மகள் எடுத்தாள்.

"கதவைத் தொடாதே," என்றாள். மூச்சு வாங்கியது. "தாத்தா நாற்காலியைப் பின்னால இழு. சுவரோரம் போய் நில்லு. சித்தியையும் தொட விடாதே."

"ஏம்மா? இதோ லிஃப்ட் வந்துடுச்சு. சித்தி கதவைத் திறக்கப் போறாங்க..."

"தொடாதேன்னு சொல்லு."

போனில் மகள், சித்தி விடுங்க, அம்மா வேண்டாங்கறாங்க என்று சொல்வது கேட்டது. தங்கை ஏதோ சிடுசிடுத்தாள். பிறகு இரண்டு பேரின் குரலும் நின்றுபோனது. அவள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதில் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா," என்றாள் மகள், மெதுவாக. "அது நிக்கல. போய்க்கிட்டே இருக்கு. கதவு திறந்தே இருக்கு. உள்ளே யாரும் இல்ல, ஒரு செருப்பு மட்டும் கிடக்கு. உன் செருப்பு மாதிரி இருக்கும்மா."

மேலே எங்கோ, கட்டடமே ஒரு தடவை குலுங்குகிற மாதிரி, தடால் என்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டி உச்சிக்குப் போய் நின்றுவிட்டது.

அவள் ஆறாவது மாடிக்கு எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. போனதும் மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை கம்பிக்கதவையே வெறித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மாமனார் மட்டும், இப்போது போகிறோமா இல்லையா, எனக்கு நேரம் தவறக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கணவர் தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு, துணிக்கடையிலிருந்து தன் ஆட்கள் மூன்று பேரோடு வந்து சேர்ந்தார். நேரே மொட்டை மாடிக்குப் போய் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிரேக்கைத் திறந்தார். அவளும் பின்னாலேயே போனாள். பிரேக்கின் இரண்டு கட்டைகளிலும் ஒட்டியிருக்க வேண்டிய பட்டை தேய்ந்து, உள்ளிருக்கும் ஆணித் தலைகள் பளபளவென்று தெரிந்தன. அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். தடவிய விரலைச் சட்டையில் துடைத்தார், மறுபடியும் தடவினார். பிறகு இயந்திர அறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு தடவை வந்தேன்," என்றார். "ரெண்டு தடவையும் இதுக்குப் பக்கத்துலதான் நின்னேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமனாரை மெக்கானிக்குகள் நாலு பேருமாக நாற்காலியோடு தூக்கிப் படிவழியாக இறக்கினார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் அவர்களைத் திட்டினார். சாய்க்காதே, குலுக்காதே, நான் என்ன பீரோவா என்று கேட்டார். மூன்றாவது மாடிக்கு வந்தபோது தூக்குகிறவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றியது. பயத்தில் வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. கிழவரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிய கையோடு கணவர் போனை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை. தன் பிரிவின் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, பழைய கட்டடங்களில் ஓடும் லிஃப்ட்டை எல்லாம் அணைத்துவிட்டு அங்கேயே நிற்கச் சொன்னார். அவள் ஆபீசுக்குத் திரும்புவதற்குள் அங்கே போன் அலறிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் செருப்போடு வந்தவள் அதையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். குடியிருப்புச் செயலாளர்கள் திட்டினார்கள். ஒரு பல் மருத்துவர் நோயாளிகள் எப்படி ஏறி வருவார்கள் என்று கத்தினார். அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: சோதனை முடியும்வரை ஓடாது.

சித்தப்பா அவள் மேஜை முன்னால் வந்து நின்றார். அவர் கோபமாக இருந்தார், ஆனால் குரலில் தெம்பில்லை. ஊர் முழுக்க லிஃப்ட்டை நிறுத்த உன் வீட்டுக்காரருக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்றார். யாரும் கொடுக்கவில்லை என்று அவள் சொன்னாள். செருப்பைப் பற்றியும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

சின்னவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. அங்கே படத்தை மேஜையில் விரித்ததும், அவர்கள் முதலில் விரல் வைத்தது அந்தத் தனிக் கட்டத்தின் மேல். இது யாருக்குக் கீழே என்று கேட்டார்களாம். அவர் அப்போதுதான் அதைப் பார்த்திருக்கிறார். ஏதேதோ சொல்லிப் பார்த்து, கடைசியில் வாயடைத்துப்போய் வந்திருக்கிறார். அவளைத் திட்டத்தான் உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டதும் திட்டவில்லை. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக, அவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்திருப்பது தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொரு லிஃப்ட்டாகத் திறந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. கயிறு அண்ணன் நல்லபடியாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்றில் மட்டும் கயிற்றின் இழைகள் அறுந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. அது ஒரு முதியோர் இல்லம். அதைப் பார்த்துவிட்டு வந்த மெக்கானிக் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மருத்துவமனை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

அந்தக் கட்டத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. யார் என்பதுதான் கேள்வி. சின்னவர் கூட்டம் போட்டார். எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவர்தான், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு புது ஆட்கள் வேண்டும் என்றார். யாரையும் கேட்காமல் எந்த லிஃப்ட்டையும் நிறுத்தும் உரிமை வேண்டும், அதையும் அந்தப் படத்திலேயே எழுத வேண்டும் என்றார். முதலாளிகள் இருக்கும்போது ஒரு மெக்கானிக் அப்படி நிறுத்துவதா என்று சித்தப்பா தொடங்கினார். சின்னவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணவரிடம், இன்னும் நேரம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றாள். இத்தனை நாள் மற்றவர்களுக்காகப் பயந்தது போய், இப்போது அவருக்காகப் பயந்தாள். எங்கே எது அறுந்தாலும் இனி இந்த வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அவர் மகளின் அறைப் பக்கம் பார்த்தார்.

"யாராவது ஒருத்தர் பயந்துக்கிட்டே இருக்கணும். அதுக்குத்தான் சம்பளம். இவ்வளவு நாளா யாருமே பயப்படல."

"அது ஏன் நீங்களா இருக்கணும்?"

"நான் ஏற்கெனவே பயந்துட்டேனே," என்றார்.

மறுநாள் அவள் தாளை விரித்து, அளவுகோலை வைத்து, அந்தக் கட்டத்திலிருந்து கணவரின் பெயருக்கு ஒரு கோடு போட்டாள். அங்கிருந்து சின்னவருக்கு இன்னொரு கோடு. படம் இப்போது தெளிவாக இருந்தது. எந்தக் கோடும் இன்னொன்றை வெட்டவில்லை. சின்னவர் அதைச் சட்டம் போட்டு முன் அறையில் மாட்டச் சொன்னார்.

கணவர் முதல் சோதனைக்குப் போன அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தாள். போன் அடித்தது. இந்த நேரத்தில் அவர் கூப்பிடுவது வழக்கமில்லை. எடுக்கக் கை நீளவில்லை. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எடுத்தாள்.

ஒரு கட்டடம் முடிந்தது, கயிறு நன்றாக இருக்கிறது, அடுத்ததற்குப் போகிறேன் என்று சொன்னார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. மொட்டை மாடியில் நிற்கிறார் போல. சாப்பிட்டாயா என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்றாள். போனை வைத்துவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே மூடிவிட்டுக் கைகழுவ எழுந்தாள்.